ஓர்மெல் எடைமேடை

மாவட்டத் தலைநகரிலிருந்து வந்தவள் சோலென் கரூயே.
கையில் படிவக் கட்டு, காலில் எங்கள் சேறு.
"இந்த ஊரின் பாரம்பரியச் சொத்துகள் என்னென்ன?"

எண்பத்து மூன்று பேர், அதைவிட அதிகம் பசுக்கள்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறக்கும் ஊராட்சி அலுவலகம்;
அதன் ஒரே எழுத்தர் நான்.
விரல் மடக்கினேன்,
கட்டைவிரல் மிச்சமிருந்தது.

தேவாலயம்.
கூரை போட்ட சலவைத்துறை; தவளைகள் வாடகை தருவதில்லை.
போரில் இறந்தோர் தூண்: பதினான்கு பெயர், ஆறு ஒரே வீட்டிலிருந்து.
"அப்புறம்...?"
அப்புறம், சாலையோரம்,
வண்டியோடு ஏற்றி எடை பார்க்கும் மேடை.
அதை இப்போது குப்பைத்தொட்டிகள்தான் பயன்படுத்துகின்றன.

தேவாலயத்தில் அவள் அண்ணாந்து பார்த்தாள்.
வண்ணக் கண்ணாடியில் புனித எலுவா,
கொல்லர்களின் காவலர், வலக்கையில் சுத்தியல்.
இடது பாதம் இருந்த இடத்தில்
ஒட்டுப்பலகை.
"ஆலங்கட்டி மழை" என்றேன்.
எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
ஏணியில் ஏறித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஆலங்கட்டிக்குக் கத்தரிக்கோல் ஏது?
ஈயப்பட்டையை வெட்டி எடுத்திருக்கிறார்கள்."

எடைமேடைக் கொட்டகையின் பூட்டு
அரை மணி நேரம் அசையவில்லை.
மேயர் கிஸ்லேன் தோர்சி டிராக்டரிலேயே வந்தாள்,
எண்ணெய் ஊற்றினாள், கெட்ட வார்த்தையும் ஊற்றினாள்,
திறந்தது.
உள்ளே பித்தளைத் தண்டு, அதில் நகரும் குண்டு,
எலி ஓரம் கடித்த பதிவேடுகள்.

"வேலை செய்கிறதா?"
டிராக்டரை மேடையில் ஏற்றினோம்.
பத்திரத்தில் அதன் எடை இரண்டாயிரத்து அறுநூறு கிலோ.
தண்டு ஆடி ஆடி நின்றது:
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
மீண்டும் ஏற்றினோம். மீண்டும் அதே.
பத்துக்கு ஒன்பது.

குண்டைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
அடியில் ஒரு குழி, குழி நிறைய ஈயம்,
உருகி ஊற்றிய அவசரம் உறைந்து கிடந்தது;
அதன் நடுவே நகக்கண் அளவு
நீலக் கண்ணாடி.

யாரும் பேசவில்லை.
நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டைப் புரட்டினேன்.
அரிஸ்தீது மூன்ரெல், எடைகாரன்,
கோணாத கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.
அந்த அறுவடையிலிருந்து ஊரின் கோதுமை
காகிதத்தில் மட்டும் இளைக்கத் தொடங்கியிருந்தது.
பங்கு கேட்டு வந்த சீருடைக்காரர்கள்
பக்கத்தில் நின்று பார்த்துக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்.
காகிதத்துக்கு வராத பத்தில் ஒன்று
எந்தெந்த அடுப்புக்குப் போனதோ,
பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

கிஸ்லேன் மட்டும் பக்கங்களை மேலும் தள்ளினாள்.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. ஐம்பது.
"போர் முடிந்த பிறகும்?"
முடிந்த பிறகும்.
கூட்டுறவுக்குப் போன ஒவ்வொரு வண்டியும் இதே மேடையில் ஏறி
இதே பொய்யைச் சொல்லியிருக்கிறது,
ஐம்பத்தெட்டுவரை.
ஈயத்தை எடுக்க மூன்ரெல் மறந்தானா,
புனிதரின் காலைப் பற்றிப் பாதிரியிடம் சொல்லப் பயந்தானா,
கத்தரி பிடித்ததே பாதிரிதானா,
கையெழுத்து கோணாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.
"பதின்மூன்று அறுவடை" என்றாள் கிஸ்லேன்,
"எங்களையே நாங்கள்..."
முடிக்காமல் மேடை விளிம்பில் உட்கார்ந்து
தும்மல்போலச் சிரித்தாள்.

ஈயத்தைத் தோண்டிச் சன்னலுக்குத் திருப்பிவிடலாமா?
வெள்ளிக்கிழமை ஊராட்சி மன்றம் கூடியது.
இரண்டு மணி நேரம். முடிவில்லை. ஒரு நாற்காலி உடைந்தது.

சோலென் புறப்படுமுன் மேடையில் தானே ஏறி நின்றாள்.
"வீட்டில் அறுபத்து மூன்று" என்றாள்.
ஐம்பத்தேழை ஒட்டித் தண்டு அமைதியானது.
இறங்க அவளுக்கு மனமில்லை.

படிவங்கள் பொருளுக்கு ஒன்று;
சன்னலையும் குண்டையும் சேர்த்து எழுத இடமில்லை.
'காணாமல்போன பகுதி, தற்போதைய இருப்பிடம்' என்ற கட்டத்தில்
அவள் எழுதியதை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்:
இடது பாதம்.
சாலையோர எடைமேடை.
பணியில் உள்ளது.