தானாகத் தேர்ந்தெடு

விரல் ஏறவில்லை என்றார் நைனார்.
ஆறு வருடம் மண்டபம் நண்டுக் கம்பெனியில்
ஓடு பிரித்துச் சதை எடுத்த விரல்.
ஐஸ் தண்ணீரும் குளோரினும்
ரேகையைத் தின்று தீர்த்திருந்தன.
புடவையில் துடைத்து, ஊதி, தேய்த்து
ஏழாவது தடவை
இடது கை மோதிர விரலில்
ஒத்துக்கொண்டது மெஷின்,
இவள் எமல்டாதான் என்று.

புது நம்பர். கடைசியில் நாலு நாலு ஏழு.
பழையதை ஏன் விடுறே என்று அவர் கேட்கவில்லை.
சித்திரை, தடைக்காலம், படகெல்லாம் கரையில்.
குழுக்கடன் வாங்கிய தெருவில்
யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை.

சிம்மைப் போட்டுவிட்டு
அமைப்புகளுக்குள் இறங்கினார்.
"தானாகத் தேர்ந்தெடு. இதை மொதல்ல அணைக்கணும்.
நம்ம டவர் மயங்கினா
போன் இலங்கைக்குப் போயிரும்."

எனக்குத் தெரியும்.
போன வருடம் தனுஷ்கோடி மணலில் நின்று
தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன்.
இலங்கை தங்களை வரவேற்கிறது என்று செய்தி வந்தது.
பாஸ்போர்ட் இல்லாமல் நான் போன ஒரே வெளிநாடு.
நாலு நிமிடம் இருந்தேன்.
முப்பத்தெட்டு ரூபாய்.

நம்பருக்குப் பழைய ஆள் ஒருவர் இருந்திருக்கிறார்.
முதல் வாரம் முழுக்க
அன்வர் அண்ணனைக் கேட்டார்கள்.
ஐஸ் நாற்பது பார் வேணும்,
வலை வந்துருச்சு, சுன்னத்து சாப்பாட்டுக்கு வாங்க.
இல்லை, இல்லை, இல்லை.
பிறகு ஓய்ந்தது.

ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடம் பேசத் தொடங்கியது.
அன்புள்ள பெற்றோரே, தங்கள் மகள் ஹன்சியா, 7-ஆ,
இன்று வகுப்புக்கு வரவில்லை.
எந்த ஊர்ப் பள்ளி என்றுகூட அதில் இல்லை.

கம்பெனிக்குள் போன் கூடாது.
வாசல் பெட்டியில் போட்டுவிட்டு
சாயங்காலம் எடுப்போம்.
நாலு நாற்பது பஸ், பாம்பன் பாலம்,
எல்லோரும் வீட்டுக்குப் பேசுவார்கள்.
நான் ஹன்சியாவைப் பார்ப்பேன்.
செய்தி இருந்தால் அவள் வரவில்லை.
எதுவும் இல்லாத நாள் அவள் வந்த நாள்.
இப்படி ஒரு பிள்ளையை
வெறும் திரையில் வளர்த்தேன் கொஞ்ச காலம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
என் பழைய நம்பரை நானே கூப்பிட்டேன்.
இத்தனை நாள் உபயோகத்தில் இல்லை என்று
ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அன்றைக்கு மணி அடித்தது.
என் எண்ணை மறை என்று ஒரு பட்டன் உண்டு,
அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
எடுத்துவிட்டான்.
தூக்கக் குரல். நான் வாயே திறக்கவில்லை.
"எக்கா, எமல்டா இங்க இல்லைக்கா.
தெனமும் சொல்றேன்ல.
வட்டி, அசல், எதுவும் எனக்குத் தெரியாது."
வைத்துவிட்டேன்.
அந்தப் பையன் பெயர் என்னவோ.
என் தவணையை அவன் வசவாகக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அதற்கடுத்த வாரம் தொடர்ந்து நாலு செய்தி.
திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.
வியாழனன்று கீழே ஒரு லேண்ட்லைன் நம்பரும்.
உடனே தொடர்பு கொள்ளவும்.

தவறான எண் டீச்சர் என்று சொல்லத்தான்
கூப்பிட்டேன்.
"ஹன்சியா வீட்லேருந்தா?" என்றார்கள்.
பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.
"ஆமா டீச்சர்" என்றது என் வாய்.
"காய்ச்சல். நாளைக்கு வந்துருவா."
"நீங்க அம்மாவா?"
பஸ் பாலத்தில் ஏறியது, காற்று இரைந்தது,
லைன் அறுந்தது.
அறுத்தது நான்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து போனை எடுத்தேன்.
நண்டு வாடை அடிக்கும் கையால்
திறந்து பார்த்தேன். செய்தி இல்லை.
பாலத்தின் நடுவிலும் பார்த்தேன்.
தங்கச்சிமடத்தில் இறங்கியும் பார்த்தேன்.
இல்லை.
வந்துவிட்டாளா,
இல்லை, போன்தான் மறுபடி கரை மாறிவிட்டதா என்று
அமைப்புகளுக்குள் இறங்கினேன்.