கடைசி வரி

நாற்பத்தொரு ஜிகாபைட், ஒரே கோப்பு.
நுஷகாக் ஆற்றில் மூழ்கிக் கிடந்த ஒலிமானி
சீசன் முழுக்கக் கண்ணயராமல் எழுதியது.
ஓர் எதிரொலிக்கு ஒரு வரி:
நேரம், ஆழம், நீளம், போன திசை.

மொத்தம் எத்தனை வரி என்று
ஜூனோ அலுவலகம் மூன்றாம் முறை கேட்டுவிட்டது.

என் மடிக்கணினியின் நினைவகம் எட்டு.
எல்லாவற்றையும் உள்ளே வாங்கு,
வாங்கி அடுக்கு, அடுக்கியபின் எண்ணு என்றேன்.
விசிறி இரைந்தது. அம்புக்குறி பாதி வழியில் நின்றது.
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
பதினோரு நிமிடம்;
பிறகு கறுப்புத் திரை.
மறுபடியும் அப்படியே செய்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

காப்பி வடிதாள் கேட்டு வந்த அகாஃபியா வாஸிலி
வாசலிலேயே நின்றாள், பூட்ஸில் சேறு.
போன கோடைவரை வுட் ஆற்றுக் கோபுரத்தில்
மணிக்குப் பத்து நிமிடம் சால்மன் எண்ணியவள்.
"அத்தனையில் ஒரு மீனாவது ஞாபகம் இருக்கா?"
எரிச்சலில்தான் கேட்டேன்.
"எண் இருக்கு. மீன் எதுக்கு?"
வடிதாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அறுபத்து நான்கு கிலோபைட்: ஒரு கை நீர்.
அள்ளு, பார், கொட்டு, அதே கையால் மறுபடி அள்ளு.
நேரத்தைப் படிக்காதே, ஆழத்தைப் படிக்காதே.
வரி முடியுமிடத்தில்
கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பத்தாம் எண் பைட்,
அது வந்தால் ஒன்று கூட்டு.
நினைவக வரைபடம்
காற்றில்லாத நாளின் குடாபோலக் கிடந்தது.
காப்பி இறங்கி முடியுமுன் விடை:
அறுபத்து மூன்று கோடியே எண்பத்தோரு லட்சத்து
நாற்பத்து நாலாயிரத்து இருநூற்று ஒன்பது.

ஒலிமானிப் பெட்டியின் சொந்தக் கணக்கோ
இருநூற்றுப் பத்தில் முடிந்திருந்தது.

கோப்பின் வாலை மட்டும் பிடித்துப் பார்த்தேன்.
ஜூலை இருபத்தாறு, அதிகாலை மூன்று பதினேழு,
ஆழம் இரண்டு மீட்டர்,
நீளம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்,
ஒரு காற்புள்ளி.
ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்த இரவு அது.
திசை எழுதுமுன் மின்சாரம் போயிருக்கிறது.
வரி முடிந்தது என்று சொல்லும் பைட்
வரவேயில்லை.

முடியாத வரி, வரியா?
நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.
சேர்த்தேன். ஒன்பது பத்தாயிற்று.
ஜூனோவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு கையில் இரண்டு கோப்பைகளோடு அகாஃபியா
திரையைக் குனிந்து பார்த்தாள்.
"மேலே போச்சா, கீழே போச்சா, அது?"
தெரியாது என்றேன்.
வெறுங்கையின் கட்டைவிரல்
காற்றில் ஒருமுறை அழுந்தியது.