பதினொன்றரை மணிக் கட்டம்

பையின் மேல் பச்சை எழுத்தில் இருக்கும்:
மும்முறை கழுவியது. அப்படியே உண்ணலாம்.
நிடியா அதை வாய்விட்டுப் படிப்பாள்.
படித்துவிட்டுக் குழாயைத் திறப்பாள்.

"அது என் தண்ணீர், நிடியா" என்பேன்.

யூமாவில் குளிர்காலம் முழுக்க
வயல்கள் லாரியேறி எங்கள் கொட்டகைக்கு வரும்.
வெட்டிய லெட்யூஸ் முதல் தொட்டியில் விழும்,
இரண்டாவதில் புரளும்,
மூன்றாவதில் குளிரில் விறைக்கும்,
பெரிய உருளையொன்றில் தலைசுற்றி உலர்ந்து
பைக்குள் போகும்.
அரைமணிக்கு ஒருமுறை
காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்து
ஊதாவா வெளிர் ஊதாவா என்று பார்த்து
கட்டத்தில் ஓர் எண் எழுதுகிறவன் நான்.
ஞாயிறு பூசையில்
முன்வரிசைக்காரர் திரும்பி என்னை முகர்ந்து கேட்பார்:
நீச்சல்குளத்திலா வேலை?

நிடியா சொல்வாள்:
"தண்ணீர் உன்னுடையது.
வாய் என் பிள்ளைகளுடையது."

கொத்தமல்லியைக் கழுவு, மண்ணோடு வருகிறது.
முலாம்பழத்தைக் கழுவு,
கத்தி தோலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது.
தக்காளியையும் கழுவு, நான் குறுக்கே வரவில்லை.
ஆனால் இந்தப் பையை விட்டுவிடு.
நேற்று இதே தொட்டியில்தான் கோழியை அலசினாய்.
குளித்து வந்த பிள்ளையைச்
சாக்கடையோரம் நிறுத்தி
மறுபடி தண்ணீர் ஊற்றுகிறாய்.

அவள் பதில் பேசவில்லை.
தொட்டியை பிளீச் போட்டுத் தேய்த்தாள்.
தேய்த்துவிட்டு, கழுவினாள்.

பயிற்சி வகுப்பில் ஒருமுறை சொன்னார்கள்:
இலையின் வெட்டுவாயில் கிருமி நுழைந்துவிட்டால்
கொலராடோ ஆறே வந்தாலும் அதை வெளியேற்றாது.
தொட்டி நீரில் மருந்து கலப்பது
ஓர் இலையின் அழுக்கு
ஆயிரம் இலைக்குப் பரவாமல் இருக்க.
அதனால்தான் அந்த எண்.
அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது
எனக்கே என் வேலைமேல் மரியாதை வந்தது.
பெரியவன் மட்டும் கேட்டான்,
"அப்பா, உப்பை இப்படித் தள்ளு."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
காசிமிரோ வரவில்லை, அவன் முறையும் என் தலையில்.
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தேன்,
முட்டி வலிக்காகத்தான்.
கண் திறந்தபோது பதினொன்று ஐம்பது.
பதினொன்றரை மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது.
பக்கத்துக் கட்டத்தில் பதினொரு மணி எண்.
அதையே கை எழுதியது.
நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பன்னிரண்டு மணிப் பட்டை
நல்ல ஊதா.

டெல்ஃபினா தாளைப் புரட்டியபடி
"எல்லாம் சரிதானே?" என்றாள்.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாய்
"சரிதான்" என்றேன்.
லாரிகள் கிளம்பின,
பீனிக்ஸுக்கு, டென்வருக்கு,
பெயர் வாயில் நுழையாத பனியூர்களுக்கு.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
செய்தியில் இலை என்ற சொல் வந்தால்
ஒலியைக் கூட்டுவேன்,
பிறகு சேனலை மாற்றுவேன்.
அந்த அரைமணி நேரம் தண்ணீர்
என்ன நிறத்தில் இருந்தது என்று
தண்ணீருக்குத்தான் தெரியும்.

இப்போதெல்லாம் நிடியாவுக்கு முன்பே
நான் குழாயைத் திறக்கிறேன்.
பயனில்லை என்று
இந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.
இருந்தும் ஒவ்வோர் இலையாக எடுத்து
முதுகைத் திருப்பி, நரம்போரம் விரலால் வழித்து.
குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து நிற்கிறாள் அவள்:
"கடைசியில் வழிக்கு வந்தாயா, ரெஃபூஹியோ?"
வென்றுவிட்ட சிரிப்பு.
இருக்கட்டும்.

காலிப் பையைக் குப்பையில் போடுமுன்
மடிப்பின் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாய் அச்சிட்ட
நேரத்தை விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன்.

"காலாவதித் தேதியா?"

ஆமாம், என்கிறேன்.
ஒன்பது பதினான்கு.