எட்டு ஜிபி

மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
டிரைவர் காலடியில் உட்கார்ந்து
கோத்தகிரி ஏறிவந்த பார்சல்.
பிரித்தால், சீப்பு அளவுதான் இருக்கிறது.
இதற்கா ஆயிரத்து எண்ணூறு.

"முதல்ல ஸ்வெட்டரைக் கழட்டுங்க மேடம்,
கம்பளியில கரண்ட் இருக்கும்"
என்கிறார் போனில் ஆரோக்கியராஜ்.
அவருக்கென்ன, காந்திபுரத்தில்
மின்விசிறிக்கு அடியில் இருக்கிறார்.
இங்கே மார்கழி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
தோட்டமே இல்லை, மூட்டம்தான்.

கழற்றினேன். கை விறைத்தது.
பெட்டிக்குள் சிலந்தி ஒன்று குடித்தனம் நடத்தியிருக்கிறது.
பழைய நினைவகத்துக்குப் பக்கத்திலேயே
ஒரு ஸ்லாட் காலி,
ஏழு வருஷமாய்.
யாரும் சொல்லவில்லை.

இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.
பீப். பீப். பீப்.
"சரியா உட்காரல மேடம்."
பையனின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் எடுத்து
அந்தத் தங்கப் பற்களைத் தேய்த்து
மறுபடி.
க்ளிக்.

எட்டு என்று எண்ணிச் சொல்கிறது இப்போது.
இவர் தராசில் நிற்க
என் தலையில் விழுந்த இலைக் கணக்கு,
ஜூலை தாண்டினாலே உறைந்துபோவது,
டிசம்பர்வரை ஒரே மூச்சில் திறக்கிறது.
பெள்ளி, இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
மாதி, தொண்ணூற்றாறு.
நஞ்சன், நூற்று நாற்பது, முன்பணம் கழிக்க வேண்டும்.
கடைசிக் கட்டத்தில் கிலோ விலை
போன மாதம் பார்த்ததேதான்.
சீக்கிரமாய்த் தெரிகிறது, அவ்வளவே.

மூடிவிட்டுப் பார்க்கிறேன்,
மேசையில் ஒரு திருகாணி மிச்சம்.
எங்கே போட என்று கேட்க
ஆரோக்கியராஜ் லைனில் இல்லை.
ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
அதன் பையிலேயே போட்டுவைத்தேன்.