விறகுக்கு ரசீது

தீ பொதுச்சொத்து இல்லை என்பது
ஐம்பத்திரண்டாம் வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுத் தோங் வீட்டுச் சமையலுக்கு மட்டும்,
விற்கிற இடியாப்பத்துக்கு அதைத் திறந்தால் குற்றமாம்.
கேஸ் லோரி தெய்வீகன் சொல்லிவிட்டு
தோங்கை இறக்காமலே போனான்.
வியாபாரத் தோங் என்ன விலை என்று கேட்டேன்.
கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. அதுவரை லாபம்.

சரி, விறகு.

டவுனைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மரம்.
சுங்கை லெம்பா தோட்டத்தில் மறுநடவு;
கிழட்டு ரப்பரை வேரோடு சாய்த்து
குவித்து வைத்திருக்கிறது இயந்திரம்.
கேட்டில் நேபாளத்துத் தாபா
என் சைக்கிளின் பின்கூடையைப் பார்த்தார்.
"பெர்மிட்?"

ஒன்பது வருடம் நான் பால் வெட்டிய நிரை அது.
சாய்ந்து கிடந்த ஒன்றில், முட்டியளவு உயரத்தில்,
கத்தி ஆழம் போய்விட்ட ஒரு வெட்டு:
அன்றைக்குக் கிராணியிடம் வாங்கிய ஏச்சு
இன்னும் காதில் இருக்கிறது.
காயத்தைக் காட்டி உரிமை கேட்க முடியுமா?
அது இப்போது ஆ ஹொங்கின் மரம்,
நாற்காலியாகிக் கப்பல் ஏறப்போகிற மரம்.
தாபாவைக் குறை சொல்ல மாட்டேன்.
அவருக்கும் ஒரு பெர்மிட் இருக்கிறது,
வருடா வருடம் அவரும் பயப்படுகிறார்.

தொழிற்பேட்டையில் உடைந்த பேலட் பலகை சும்மா கொடுப்பார்கள்.
மகள் இலக்கியா அங்கே ஸ்டோர் கிளார்க்.
"முத்திரையைப் பாரும்மா.
ஹெச்.டி. என்றால் சூட்டில் பதமானது, எரிக்கலாம்.
எம்.பி. என்றால் மருந்தடித்தது,
அந்தப் புகையில் எதையும் அவிக்காதே."

டார்ச் அடித்து, குனிந்து,
பரீட்சைத் தாள் போல மரத்தை வாசித்தேன்.
ஏழில் ஹெச்.டி., இரண்டில் எம்.பி.,
ஒன்றில் எழுத்தே இல்லை.
அதை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து,
திரும்பப் போட்டுவிட்டேன்.

சந்தையில் தேங்காய்ப்பால் பிழியும் பாக் சாலே
சிரட்டை மூட்டை மூன்று வெள்ளிக்குத் தருவார்.
சிரட்டை முன்கோபி.
குப்பென்று எழும், தண்ணீர் கொதிக்குமுன் சமாதானமாகிவிடும்.
பேலட் சாம்பலில் ஆணி மிஞ்சும்.
கடைசியில் ஆ ஹொங்கிடமே போனேன்:
அறுவைக்கு ஆகாத கொம்பும் கிளையும்
அரை லோரி நாற்பது வெள்ளி.
ரசீது எழுதித் தரச் சொன்னேன்.
சிரித்தான். எழுதினான்.

அந்த வாரம் கடல் தாண்டி எதுவோ எரிந்து
பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள்.
நகராண்மைக் கழகத்து ஹஃபிஸ் வந்தார்,
முகக்கவசம், கையில் சம்மன் புத்தகம்.
பக்கத்து வீட்டு சியூ லானின் புகார்:
காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம்.

வானம் முழுக்கப் புகை.
அதில் என்னுடையது எது என்று
அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

குப்பை எரிப்பா?
இல்லை, அடுப்பு. மூடி இருக்கிறது, குழாய் இருக்கிறது.
விறகு எங்கே கிடைத்தது?
பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தேன்.
ஆ ஹொங்கின் சீட்டு, ஸ்டோரின் கேட் பாஸ்,
சிகரெட் அட்டையின் பின்னால் பாக் சாலேயின் கையெழுத்து.
ஒவ்வொன்றாய்ப் படித்தார்.
அவருடைய படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமில்லை.
குழாயை இரண்டடி உயர்த்தச் சொன்னார்,
அதையும் எழுதித் தரவில்லை.

உயர்த்தினேன். தகரம் பதினெட்டு வெள்ளி. ரசீது இருக்கிறது.

ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாள், அந்தி.
சியூ லான் சந்தில் பால்மாவு டின்னை வைத்து
செத்தவர்களுக்குக் காகிதப் பணம் எரிக்கக் குந்தினாள்.
தூறல். தீப்பெட்டி நமுத்துவிட்டது.
குச்சி குச்சியாய்க் கிழித்துத் தோற்று
என் வேலியைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மாவுக்கு வெந்நீர் ஏறிக்கொண்டிருந்தது அடுப்பில்.
இடுக்கியால் ஒரு கொள்ளியை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினேன்.
"ஹெச்.டி. கட்டை," என்றேன்,
"பயப்படாமல் வாங்கு."