டிரம்மில் ஒரு கீறல்

எதிரே பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் நான்,
என் ஜெராக்ஸ் மெஷின், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள்
அயனாவரத்து வெயிலில்
ரேஷன் கடையைவிட நீளம் என் வரிசை.

யாருக்கு எவ்வளவு என்று
தலைமையாசிரியருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.
பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன்,
கண்ணாடியில் கவிழ்ப்பதற்குள் கண் போய்விடும்.
தமிழ் தொண்ணூற்றொன்று. கணக்கு முப்பத்தைந்து.
பச்சை வெளிச்சம் எல்லார் மீதும்
ஒரே வேகத்தில் போய்த் திரும்புகிறது.

கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள்:
முதல் குரூப், நானூற்று ஐம்பதுக்கு மேல்.
கம்ப்யூட்டர் சயின்ஸ், நானூறு.
காமர்ஸ், இடமிருந்தால்.
தொழிற்பிரிவு மட்டும் பொடி எழுத்தில்,
பசை காய்ந்து சுருண்ட மூலையில்.
நம் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதி
யாரோ அதைப் பேனாவால் அடித்திருக்கிறார்கள்.

அப்பாக்கள் என் கவுண்டரில் வைத்துத்தான்
ஃபாரம் நிரப்புகிறார்கள்.
'தொழில்' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நிற்கும்.
ஒருவர் ஐ.சி.எஃப். என்று எழுதினார்,
காண்டிராக்ட் என்பதை எழுதவில்லை.
"பயாலஜி எடுத்தா டாக்டர்தானா அண்ணா,
வேற ஒண்ணும் ஆக முடியாதா?"
ஒரு அம்மா கேட்டார். நான்
பின் தீர்ந்த ஸ்டேப்ளரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மோ. தாட்சாயணி. நானூற்று ஐம்பத்திரண்டு.
தனியாக வந்தாள்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மாவுக்கு
அடுத்த வாரம்தான் லீவாம்.
மார்க் ஷீட் இரண்டு, சாதிச் சான்றிதழ் இரண்டு, ஆதார் ஒன்று.
பத்து ரூபாய், எல்லாம் சில்லறையாக.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
பிப்ரவரியிலிருந்தே டிரம்மில் ஒரு கீறல்.
எடுக்கிற நகலிலெல்லாம் மேலிருந்து கீழே
மயிரிழைக் கறுப்புக் கோடு.
நாலாயிரத்து இருநூறு ஆகும் என்றான் மெக்கானிக்.
சீசன் முடியட்டும் என்றேன்.
வாடகைப் பத்திரத்தில் கோடு விழுந்தால்
யார் கேட்கப் போகிறார்கள்?

அரைமணியில் திரும்பி வந்தாள்.
கோடு சரியாக மதிப்பெண் கட்டத்தின் நடுவே
இறங்கியிருந்தது. கணக்கில்
தொண்ணூற்று மூன்றா எட்டா என்று தெரியவில்லையாம்.
ஒரிஜினலைக் காட்டினாளாம்.
"ஃபைல்ல இருக்கப் போறது நகல்தாம்மா,
தெளிவா எடுத்துட்டு வா."

தாளைத் திருப்பி வைத்தேன், கோடு
ஓரமாக விழட்டும் என்று.
அப்போது பார்த்து கரண்ட் போனது.

ஜாயின்ட் ஆபீஸ் பக்கம் ஓடிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.
வந்து என் படியில் உட்காரவில்லை, நின்றாள்.
பிளாஸ்டிக் ஃபைலை விசிறிக்கொள்ளக்கூட இல்லை,
மார்போடு வைத்திருந்தாள்.
பன்னிரண்டு நாற்பதுக்கு ஃபேன் சுற்றியது.
ஒரு மணிக்கு ஆபீஸில் சாப்பாட்டு நேரம்.
இரண்டரைக்குப் பலகையில் சாக்பீஸ்:
முதல் குரூப் நிறைந்தது.

காலையிலேயே நிறைந்திருக்கலாம்.
நானூற்று எழுபதுகள் நிறைய என் கண்ணாடி வழியாகத்தான் போயின.
கோடு இல்லையென்றாலும்
அவளுக்கு இடமில்லை என்றும் இருக்கலாம்.
சாலையைக் கடந்து கேட்க
பதினைந்து தப்படிதான். நான் கேட்கவில்லை.

டிரம் மாற்றிவிட்டேன், அன்று சாயங்காலமே.

ஜூன் கடைசியில் சீருடையில் வந்தாள்.
நீளக் கணக்கு நோட்டு ஒன்று, சிவப்புப் பேனா இரண்டு.
எண்பத்திரண்டு என்றேன்.
"அறுபத்திரண்டும் ரெண்டு பத்தும்.
ஆனா பேனா எட்டு ரூபான்னு போட்டிருக்கீங்களே?"
எழுபத்தெட்டு வாங்கிக்கொண்டேன்.
பிறகு பஸ் பாஸ் ஃபாரத்தை நீட்டினாள்.
எடுத்துக் கொடுத்த நகலை
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து,
மேலிருந்து கீழே, பொறுமையாகப் பார்த்தாள்.

"மெஷின் சரி பண்ணிட்டீங்க போல."

ம் என்றேன்.
காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
இரண்டு ரூபாயை கண்ணாடி மேல் வைத்துவிட்டுப்
போயிருந்தாள்.