செவ்வாய் இரவு, டீசல் வரிசை

நள்ளிரவு பன்னிரண்டுக்கு விலை ஏறும்.
டொங்காட் பங்க்கின் வரிசை
ரொட்டிக்கடையைத் தாண்டி
டயர்க்கடைச் சுவர் வரை வளைந்து கிடக்கிறது.
எனக்கு முன்னால் பதினேழு வண்டிகள்.
எஞ்சினை அணைத்துவிட்டேன்.
தெருவின் சரிவு என் பக்கம்;
பிரேக்கைத் தளர்த்தினால் போதும்,
இரண்டு டன் இரும்பு
ஒரு சொட்டும் குடிக்காமல்
முன்னே போய் நிற்கிறது.

பக்கி என்போம் இந்த நாட்டில்.
கோயமுத்தூரிலிருந்து வந்த பம்ப் வியாபாரி
அந்தச் சொல்லைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.
அங்கே அது வசவாம்:
கண்டதையெல்லாம் விழுங்குகிறவன்.
தெரியாமலே சரியாகப் பெயர் வைத்திருக்கிறோம்.
மூன்று லிட்டர் எஞ்சின்.
சமதரையில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்,
கரும்புமேட்டில் ஐந்து,
ஏசி போட்டால்
அந்தக் கணக்கை நான் எழுதுவதில்லை.

வெருலம் ஷோரூமில் வெள்ளையாய் ஒன்று நிற்கிறது.
அரை டன்.
லிட்டருக்குப் பதினைந்து என்கிறான் தேசிகன்,
விற்பனைப் பையன், புதுச் சப்பாத்து.
"ஆன்ட்டி, எதை ஏற்றுவீங்க?" என்று கேட்டான்.
எல்லாத்தையும் என்றேன்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அந்த 'எல்லாம்' பின்னால் உருண்டுகொண்டே வந்தது.

உள்விளக்கைப் போட்டு
வேலைப் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.
போன வருஷம் முந்நூற்றுச் சொச்சம் நாள்.
ஸ்பானர் பெட்டி.
ஒரு சுருள் கேபிள்.
சீல், பேரிங், என் மதியச் சாப்பாடு.
மறுபடி ஸ்பானர் பெட்டி.
முழுப் பாரம் ஏற்றிய நாட்களைச்
சிவப்பில் வட்டமிட்டேன்: பதினொன்று.

பதினொரு நாளுக்காக
வருஷம் பூராவும் யானைக்குத் தீனி போட்டு
அதன் முதுகில்
ஓர் எலுமிச்சம்பழத்தை அனுப்பிவந்திருக்கிறேன்.

ஆனாலும் மார்ச் ஒன்பது.
மழை, செம்மண், ஹரிலால் பண்ணையின் மேல்கேணி.
அறுநூறு கிலோ பம்ப்.
பின்பம்பரில் ஏறி நின்று
முதோகோசிசி விசிலடித்தான்.
வண்டி குரலைக்கூட உயர்த்தவில்லை,
ஏறியது.
அந்தச் சத்தத்தைப்
புத்தகத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்றும் இருக்கிறது,
தேசிகனிடம் சொல்ல முடியாதது.
தொழில் தொடங்கிய புதிதில்
பண்ணைக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு
எனக்குப் பின்னால் பார்ப்பார்கள்,
மெக்கானிக் எங்கே என்று.
பிறகு வண்டியைப் பார்ப்பார்கள்.
பிறகு கேட் திறக்கும்.
திறந்தது என் டிப்ளோமாவுக்கா, இந்த முரட்டு மூக்குக்கா,
நான் கேட்டதில்லை.
பத்தொன்பது வருஷமாகிறது.
இப்போது தண்ணீர் நின்றால்
"குபேந்திரியைக் கூப்பிடு" என்கிறார்கள்.
பஸ்ஸில் போய் இறங்கினாலும்
திறப்பார்களோ என்னவோ.

முதோகோசிசியின் மச்சானிடம் மூன்று டன் லாரி இருக்கிறது.
நாள் வாடகை. டீசல் தனி.
பதினொன்றால் பெருக்கினேன்.
புது வண்டியின் மாதத் தவணையைச் சேர்த்தேன்.
அப்படியும் மிச்சம் வருகிறது.
அழித்து மறுபடி போட்டேன்,
இவ்வளவு மிச்சம் வரக் கூடாது என்று
ஏதோ ஒரு கோபத்தில்.
அதேதான் வந்தது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.
என் முறை.
நொம்வூலா குழாயைக் கையில் எடுத்துவிட்டாள்;
இத்தனை வருஷமும் ஒரே பதில் என்பதால்
கேள்வியைப் பாதியில் விழுங்குவாள்.
"ஃபுல்தானே, ம்மா..."

விற்கப்போகிற வண்டிக்கு
யாராவது டாங்க் நிரப்புவார்களா?

"பாதி" என்றேன்.

அவள் குனிந்து
என் முகத்தைப் பார்த்தாள்,
பணமில்லையோ என்று.
டாஷ்போர்டில் கையை வைத்தேன்.
இன்னும் சூடு ஆறவில்லை.